ஐம்புலன் பாடமும் ஒரு பிழையான நாக்குப் படமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணத்தில் நான் அறிந்த முன்பள்ளிகள் பலவற்றில், 'கண்ணால் பார்ப்போம், காதால் கேட்போம்' என்று பிள்ளைகள் ஒரே குரலில் சொல்லி, அப்பியாசத் தாளில் மூக்கையும் மல்லிகைப் பூவையும் கோடு கீறி இணைத்துவிட்டால் ஐம்புலன் பாடம் முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது. வளவு நிறையப் பூ இருக்க, மணமில்லாத பூவை ஏன் தாளில் தேடுகிறோம் என்பது எனக்கு விளங்கவில்லை.

அண்மையில் ஒரு முன்பள்ளிச் சுவரில், நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என நாக்கைக் கூறுபோட்டுக் காட்டும் படமொன்றைக் கண்டேன். நாக்கின் சுவையுணர்வில் இடத்துக்கிடம் சிறு ஏற்றத்தாழ்வு உண்டென்று 1901இல் ஜேர்மனிய ஆய்வாளர் ஹேனிக் எழுதியதைப் பின்வந்தோர் பிழையாக விளங்கிக்கொண்டதால் பரவிய படம் அது. உண்மையில், சுவைமொட்டுகள் உள்ள பகுதி எதுவாயினும் எல்லாச் சுவைகளையும் உணரும். பனங்கட்டித் துண்டொன்றை நாக்கின் ஓரத்தில் வைத்துப் பார்த்தால் நான்கு வயதுப் பிள்ளையே அந்தப் படத்தைத் திருத்திவிடும்.

மூக்கைப் பொத்திக்கொண்டு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தைச் சுவைக்கும் பிள்ளைக்கு இனிப்பும் சற்றுப் புளிப்புமே தெரியும். மூக்கை விட்டதும்தான் அது மாம்பழமென்று பிடிபடும், ஏனெனில் வாயிலிருந்து தொண்டை வழியாக மூக்குக்கு ஏறும் வாசனைக்கே நாம் ருசி என்று சொல்வதில் பெரும் பங்குண்டு. தொட்டறிவதற்கு, துணிப்பையொன்றினுள் சங்கு, தும்பு, பனங்கொட்டை ஆகியவற்றைப் போட்டுக் கையை விடச் சொன்னால் போதும். (கடலையை மூக்கினுள் நுழைத்துப் பார்க்கும் வயது என்பதால் சிறு விதைகளைத் தவிர்ப்பது நல்லது.)

இவற்றைவிட முக்கியமான பயன் ஒன்றுண்டு. ஆசிரியை பின்னால் நின்று, புளியங்கொட்டை போட்டு இறுக மூடிய தகரப்பேணியை மெதுவாகக் குலுக்கும்போது எந்தப் பிள்ளை திரும்பவில்லை என்பது தெரியவரும். சளியினால் நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளைகளுக்குக் கேட்டல் குறைவதுண்டு. அது அறியப்படாதவரை அவர்கள் 'குழப்படி', 'சொல்வழி கேளாதவர்கள்' என்றே பெயரெடுக்கிறார்கள். இத்தகைய விளையாட்டு மருத்துவப் பரிசோதனைக்கு ஈடாகாது எனினும், பெற்றோரை வைத்தியசாலைக்குப் போகச் சொல்வதற்கு அது போதிய காரணமாகும்.

ஆகவே, முன்பள்ளி ஆசிரியைகளுக்கான பயிற்சிகளில் இச்செயற்பாடுகளைச் சேர்க்குமாறும், அந்த நாக்குப் படத்தைச் சுவர்களிலிருந்து அகற்றுமாறும் மாகாணக் கல்வி அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆரம்பக்கல்வி ஆசிரியை,
கோண்டாவில்.