நம்பர் ஒன்பதை நம் பையன்களுக்கு விடுங்கள்

ஐ.எஸ்.எல் (இந்தியன் சூப்பர் லீக் கால்பந்து) கிளப் நிர்வாகிகள் அனைவருக்கும்,

வணக்கம்.

டிரான்ஸ்ஃபர் சீசன் வந்தால் போதும், ஏதாவது ஒரு கிளப்பிலிருந்து செய்தி கசிந்துவிடுகிறது. ஐரோப்பாவில் பெரிய அணிகளுக்கு ஆடிய ஸ்ட்ரைக்கராம், வயது 36ஐத் தாண்டியவராம், பேச்சு நடக்கிறதாம். இந்த முறையும் கசிந்திருக்கிறது. உறுதியாகாத செய்தி என்பதால் பெயரை எழுதவில்லை. அவர் யாராக இருந்தாலும் நான் கேட்கப்போவது ஒன்றுதான். அணியில் ஏற்கெனவே இருக்கும் இந்திய ஸ்ட்ரைக்கரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவரைக் கூட்டி வராதீர்கள். கோல் அடிக்க முன்னால் நடுவில் நிற்கும் நம்பர் ஒன்பது இடத்தில் நம் பையன் ஒருவனை ஒரு முழு சீசன் ஆட விடுங்கள்.

பழைய கதை உங்களுக்குத் தெரியும். 2014இல், ஐ.எஸ்.எல்லின் முதல் சீசனில், டெல்லிக்கு இத்தாலியின் டெல் பியரோ வந்தபோது அவருக்கு வயது 39. சீசன் நடுவிலேயே 40 ஆனது. பத்து ஆட்டம், ஒரே ஒரு கோல். புனேவுக்கு வந்த பிரான்ஸின் ட்ரெசகே இரண்டு கோல் அடித்தார். மும்பைக்கு வந்த ஸ்வீடனின் யுங்பெர்க் ஒன்றுகூட அடிக்கவில்லை. அந்த ஆண்டு ஃபைனலில் 90 நிமிடம் முடிந்த பிறகு தலையால் முட்டி, கொல்கத்தாவுக்குக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர் முகமது ரஃபீக். மாற்று ஆட்டக்காரராக இறங்கியவர். அவர் முகம் போட்ட பேனர் எதையும் நான் பார்த்ததில்லை.

2017-18 சீசனில் கேரளாவுக்கு பல்கேரியாவின் பெர்பட்டோவ் வந்தார். ஒன்பது ஆட்டம், ஒரு கோல். கொல்கத்தாவுக்கு வந்த அயர்லாந்தின் ராபி கீன் பரவாயில்லை, ஆறு கோல் அடித்தார். ஆனால் அணி பத்து அணிகளில் ஒன்பதாவதாக முடித்தது. அதே சீசனில் கோப்பையைத் தூக்கிய சென்னையின் எஃப்.சி.க்கு அதிக கோல் அடித்தவர் யார்? மிசோரம்காரரான ஜெஜெ. ஒன்பது கோல். 2018 மார்ச்சில் நேரு ஸ்டேடியத்தில் கோவாவை 3-0 என்று வீட்டுக்கு அனுப்பிய அந்த அரையிறுதியை இங்கே யாரும் மறக்கவில்லை. ஜெஜெ இரண்டு, நம்ம வியாசர்பாடி தனபால் கணேஷ் ஒன்று. மூன்று கோலும் இந்தியர்கள் அடித்தவை.

வயது ஒரு குற்றம் என்று நான் சொல்லவில்லை. 2014இல் சென்னைக்கு ஆடிய பிரேசிலின் எலானோவுக்கு 33 வயது. எட்டு கோல் அடித்து, அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியை வாங்கினார், நாங்களும் தொண்டை கிழியக் கத்தினோம். நைஜீரியாவின் ஒக்பெச்சே 2021-22இல் 37 வயதில் ஹைதராபாத்துக்காக 18 கோல் அடித்து, அணியும் சாம்பியன் ஆனது. ஆனால் ஒக்பெச்சேயை யாரும் போஸ்டருக்காக எடுக்கவில்லை, கோல் அடிப்பார் என்று எடுத்தார்கள். நீங்கள் கூட்டி வரும் பெரிய பெயர்களில் எத்தனை பேரை அப்படி எடுக்கிறீர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இனி எனக்கு நிஜமாகவே வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

வடசென்னையில் நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிற ஒரு பையன் இருக்கிறான். பள்ளி டோர்னமெண்ட்களில் கோலாக அடித்துத் தள்ளுவான். பெனால்டி பாக்ஸுக்குள் பந்து வரும்போது மற்றவர்கள் பந்தைப் பார்ப்பார்கள், இவன் கோல்கீப்பரின் காலைப் பார்ப்பான். அது சொல்லிக் கொடுத்து வருவதில்லை. வெளியூர் அகாடமி ஒன்றில் இடம் கிடைத்தது. தெருவே சேர்ந்து வழியனுப்பியது. இரண்டாம் வருடம் லீவுக்கு வந்தவன், லெஃப்ட் பேக், அதாவது இடதுபுறத் தடுப்பாட்டக்காரனாக, ஆடுவதாகச் சொன்னான். ஏன்டா என்று கேட்டேன். “ஃபார்வர்டுக்கு எப்படியும் ஃபாரினர்தாண்ணே வருவான். பேக் ஆடினா சீனியர் டீம்ல இடம் கிடைக்கும்னு கோச் சொல்லிட்டாரு.”

அந்த கோச் மேல் எனக்குக் கோபமே இல்லை. அவர் பொய் சொல்லவில்லையே. 2014இல் களத்தில் ஆறு வெளிநாட்டவர் ஆடலாம் என்று இருந்தது. 2017-18இல் அது ஐந்தானது, 2021-22இல் நான்கானது. எண்ணிக்கை குறையக் குறைய நீங்கள் எந்த இடத்தை இந்தியர்களுக்கு விட்டீர்கள்? பேக், விங், கோல்கீப்பர். நான்கு பேரில் ஒருவர் ஸ்ட்ரைக்கர் என்பது மட்டும் எழுதாத சட்டமாகவே நின்றுவிட்டது. அகாடமியில் பதினாறு வயதுப் பையனுக்குக்கூட அந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. இன்றும் ஊருக்கு வந்தால் காலையில் எங்கள் மைதானத்தில் அவன் போய் நிற்பது ஃபார்வர்டாகத்தான். லெஃப்ட் பேக் ஆடுவதெல்லாம் சம்பளத்துக்கு.

அந்த இடத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2022-23இல் பெங்களூரு அணியில் பயிற்சியாளர் சைமன் கிரேசன், பிஜி நாட்டு ராய் கிருஷ்ணாவுடன் சேர்த்து முன்வரிசையில் இறக்கிவிட்டது காரைக்குடி பக்கம் கண்டனூரைச் சேர்ந்த 21 வயது சிவசக்தி நாராயணனை. சுனில் சேத்ரியே பல ஆட்டங்களில் பெஞ்சிலிருந்து வந்தார். அவ்வளவு பெரிய ஆளை உட்கார வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்! சிவசக்தி ஆறு கோல் அடித்தார், அணி வரிசையாக ஜெயித்து ஃபைனல் வரை போனது. ஃபைனலில் ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே அவருக்கு அடிபட்டு சேத்ரி இறங்க வேண்டியிருந்ததும், பெனால்டியில் தோற்றதும் கெட்ட நேரம். அப்படி ஒரு சீசன் அவருக்கு அதற்கப்புறம் அமையவில்லை. பயிற்சியாளர்கள் மாறினார்கள், ஆட்கள் மாறினார்கள். ஆனால் ஒரு தமிழ்ப் பையன் நடுவில் நின்று கோல் அடித்ததை நாங்கள் பார்த்தோம். அது முடியாத காரியம் என்று இனி எங்களிடம் சொல்லாதீர்கள்.

முன்வரிசையை வாடகைக்கு விட்டதன் பலனைத் தேசிய அணி அனுபவித்துவிட்டது. 2024 ஜூன் 6 அன்று கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் குவைத்துடன் ஆடி சேத்ரி விடைபெற்றார். ஒன்பது மாதம்தான். 40 வயதில் அவரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். ஷில்லாங்கில் மாலத்தீவை 3-0 என்று ஜெயித்தோம், அதில் ஒரு கோல் அவருடையது. 2023 நவம்பருக்குப் பிறகு இந்தியா ஜெயித்த முதல் ஆட்டம் அது. அந்த ஐ.எஸ்.எல் சீசனிலும் 14 கோலோடு இந்தியர்களில் முதலிடம் அவருக்குத்தான். அந்த மனிதரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் நாற்பது வயதுக்காரரைத் தாண்டி கோல் அடிக்க நாட்டில் ஒரு இளைஞன் இல்லை என்றால், அதற்கு நீங்கள்தானே பதில் சொல்ல வேண்டும்? பிறகு 2025 அக்டோபர் 14 அன்று கோவாவின் மட்காவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று ஆசியக் கோப்பைக் கனவும் போனது.

இவ்வளவுக்கும் பிறகு நீங்கள் கண்டுபிடித்திருக்கும் மருந்து 36 வயதைத் தாண்டிய இன்னொருவர். விமான நிலையத்தில் மாலை, மேளம். மறுநாள் அவர் இட்லி சாப்பிடுகிற வீடியோ. இன்ஸ்டாகிராமில் கிளப்புக்கு லட்சக்கணக்கில் ஃபாலோயர்கள். முதல் மாதம் 'உடல் தகுதியை மீட்டுக்கொண்டிருக்கிறார்', இரண்டாம் மாதம் தொடையில் தசைப்பிடிப்பு, மூன்றாம் மாதம் 'இந்திய ரசிகர்களின் அன்பை மறக்க மாட்டேன்' என்று ஒரு பதிவு. ஜெர்சி விற்றுவிட்டது, கணக்கு நேராகிவிட்டது. 2025-26 சீசன் நடக்குமா நடக்காதா என்றே தெரியாமல் நம் ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தபோது இந்த உற்சாகத்தில் பாதியைக்கூட நான் உங்களிடம் பார்க்கவில்லை. லீக்கை நடத்துவதற்கான ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பது முன்கூட்டியே தெரிந்த தேதிதானே? ஒரு கல்யாண மண்டபத்தைக்கூட ஆறு மாதம் முன்னால் புக் செய்கிற ஊர் இது.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததை விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டேன்.

உங்களுக்கு ஸ்பான்சர்கள் இருக்கிறார்கள், நஷ்டக் கணக்கு இருக்கிறது, காலியான இருக்கைகள் இருக்கின்றன. பெரிய பெயர் வந்தால் முதல் இரண்டு ஆட்டத்துக்கு அந்த இருக்கைகள் நிரம்பும் என்பதும் உண்மை. நானே போய் உட்காருவேன். மூன்றாவது ஆட்டத்திலிருந்து என்ன ஆகும் என்பதை டெல்லியிலும் புனேயிலும் இருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள். அந்த இரண்டு அணிகளும் அந்த ஊர்களிலேயே தங்கவில்லை.

வெளிநாட்டு ஆட்டக்காரர்களை நிறுத்தச் சொல்லவில்லை. கோலுக்கு முன்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பராக எடுங்கள், நடுக்களத்துக்கு எடுங்கள். பெரிய பெயர்தான் வேண்டுமென்றால் பயிற்சி கொடுக்கக் கூப்பிடுங்கள், இளம் ஸ்ட்ரைக்கர்களுக்கு அவர்கள் அருகில் நின்று கற்க எவ்வளவோ இருக்கிறது. முன்னால் நடுவில் நிற்கும் அந்த ஒரு இடத்தை மட்டும் ஒரு முழு சீசனுக்கு இந்தியப் பையனிடம் கொடுங்கள். மூன்று ஆட்டத்தில் கோல் வரவில்லை என்றதும் ஐம்பதாவது நிமிடத்தில் இழுத்து வெளியே உட்கார வைக்காதீர்கள். பெர்பட்டோவுக்குக் காட்டிய பொறுமையில் கால்வாசி போதும். அவன் சொதப்பினால் நாங்கள் திட்டுவோம், மறுக்கவில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவோம்.

பேச்சு நடப்பதாகச் சொல்லப்படும் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்த இடத்துக்காக உங்கள் அணியிலேயே காத்திருக்கும் இந்திய ஸ்ட்ரைக்கர் போன சீசனில் மொத்தம் எத்தனை நிமிடம் ஆடினார் என்று ஒருமுறை பார்த்துவிடும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நேரு ஸ்டேடியம் கேலரியிலிருந்து ஒரு ரசிகன்