திருவிழா நேரலைக்கு ஆகும் கணக்கு

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பருக்கு,

இங்கு யாவரும் நலம். உமது முழங்கால் வலி குறைந்திருக்குமென நம்புகிறேன். எங்கள் கோயில் திருவிழாவை அடுத்த ஆண்டிலிருந்து நாமே நேரலையாக ஒளிபரப்புவதற்கு, ரொறன்ரோவில் உள்ள ஊரவர்கள் மூன்று கமராக்கள் வாங்கித் தர எண்ணியிருப்பதாகவும், செலவைக் கணக்குப் பார்த்து எழுதும்படியும் கேட்டிருந்தீர். பரிபாலன சபையின் பொருளாளர் என்ற வகையில் ஒரு மாதமாக விசாரித்து வைத்திருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கமராவுக்கென்று இப்போது காசு சேர்க்க வேண்டாம்.

போன வருடத் தேரை வாடகைக்கு வந்த குழுவொன்று ஒளிபரப்பியதை நீர் மறந்திருக்க மாட்டீர். படம் கண்ணாடிபோல் இருந்தது. ஆனால் வசந்த மண்டபத்தில் ஓதிய பஞ்சபுராணம் காதில் விழவில்லை, ஜெனரேற்றர் இரைச்சலும் தேங்காய் உடைக்கும் சத்தமுந்தான் கேட்டன என்று நீரே தொலைபேசியில் குறைப்பட்டுக்கொண்டீர். மூன்று கமராக்களோடு வந்தவர்கள், ஒலிபெருக்கிக்காரர் மைக்குகளின் ஒலியைச் சேர்த்துக் கலக்கும் மிக்சரிலிருந்து ஒரு வயர் எடுக்காமல், கமராவில் இருந்த மைக்கையே நம்பிவிட்டார்கள் என்பதே அதன் காரணம். அந்த வயரின் விலை கமராவின் விலைக்குக் கிட்டவும் வராது. கடல் கடந்து இருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டாவது தேவாரத்தைக் கேட்பார்கள். சத்தமில்லாத தேரை எத்தனை நிமிடம் பார்த்துக்கொண்டிருப்பார்கள்?

படங்களை மாற்றி மாற்றிக் காட்டும் சுவிச்சரைப் பற்றியும் கேட்டிருந்தீர். பிளாக்மஜிக் நிறுவனம் 2019இல் வெளியிட்ட ஏற்றெம் மினி, நான்கு கமராக்களை இணைக்கக்கூடிய சிறு பெட்டி. வெளிவந்தபோது அதன் விலை 295 அமெரிக்க டொலர். 2022இன் தொடக்கத்தில் டொலர் சுமார் 200 ரூபாவாக இருந்த நாளில் அது 59,000 ரூபா. டொலரை 300 ரூபா என்று பிடித்தால் அதே பெட்டி 88,500 ரூபா. கப்பற்கூலியும், 2024 ஜனவரியிலிருந்து 18 வீதமாகிய பெறுமதி சேர் வரியும் இதற்கு மேல். கணினி இல்லாமலே நேராக இணையத்துக்கு அனுப்பும் புரோ வகை, 2020இல் வந்தபோதே 595 டொலர். ஆனால் நல்ல மடிக்கணினி ஒன்று கையில் இருந்தால், இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் மென்பொருள் அந்த அனுப்பும் வேலையைச் செய்துவிடும். சபைச் செயலாளரின் மகனிடம் அப்படியொரு மடிக்கணினி இருப்பதால், புரோவுக்கு நான் ஒப்பவில்லை.

விலைப்பட்டியலில் எவரும் எழுதாத செலவு வயரில்தான் இருக்கிறது. கமராவின் படத்தைச் சுவிச்சருக்குக் கொண்டுவரும் எச்.டி.எம்.ஐ. வயர் பத்துப் பதினைந்து மீற்றரைத் தாண்டினால் படம் விட்டுவிட்டு வரும், அல்லது வரவே வராது. வசந்த மண்டபத்துக்கு அது போதும். தேர்முட்டிக்கு எப்படி எட்டும்? எஸ்.டி.ஐ. என்ற வேறு வகை வயர் நூறு மீற்றர் வரை போகும் என்றாலும், எங்களுக்குக் கட்டுப்படியாகும் கமராக்களில் அதற்குரிய துளை இல்லாததால் இரு முனைகளிலும் மாற்றிகள் பூட்ட வேண்டும். இப்படியே கூட்டிப் பார்த்தபோது, வெளிவீதியில் நிறுத்தும் இரண்டாவது கமராவுக்காகும் துணைச் சாமான்கள் அந்தக் கமராவின் விலையை எட்டிப் பிடித்தன.

இணையத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முழு எச்.டி. படத்தை விநாடிக்கு 6 மெகாபிற் வேகத்தில் அனுப்பினால் மணித்தியாலத்துக்கு 2.7 ஜிகாபைற் செலவாகும். காலையும் மாலையும் மும்மூன்று மணித்தியாலமாகப் பத்து நாட்களுக்கு 162 ஜிகாபைற். படத்தின் நுணுக்கத்தைக் குறைத்து 720 அளவுக்கு இறங்கி 3 மெகாபிற்றில் அனுப்பினால் சரிபாதி. கைத்தொலைபேசியில் பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. டேற்றாவின் விலையைவிட என்னை உறுத்துவது வேறொன்று. தேரன்று வீதி நிறைந்த சனத்தின் கையிலெல்லாம் தொலைபேசி இருப்பதால், தொலைபேசிக் கோபுரம் ஒன்றே எல்லோருக்கும் பங்கிட, 4ஜீ இணைப்பு மிக வேண்டிய நேரத்தில் தளர்ந்துவிடும். ஆகவே தெற்கு வீதியில் ஃபைபர் இணைப்புள்ள வீட்டுக்காரரிடம் பேசி, அங்கிருந்து மதிலோரமாக ஒரு வயர் இழுக்கச் சம்மதம் பெற்றிருக்கிறேன். அவர் கேட்டதெல்லாம் தேரன்று தம் வீட்டு வாசலை வாகனங்கள் அடைக்காமல் பார்க்க வேண்டும் என்பதே! றவுட்டருக்கும் சுவிச்சருக்கும் மின்சாரம் நின்றாலும் சிறிது நேரம் தாங்கும் யு.பி.எஸ். பெட்டி ஒன்று அவசியம், மின்சாரம் கண் சிமிட்டினாலும் ஒளிபரப்பு அறுந்துபோகும்.

இன்னொன்று, யூடியூப்பில் முதன்முறை நேரலையை இயக்கியதும் அனுமதிக்கு 24 மணித்தியாலம் வரை காத்திருக்க நேரும். கொடியேற்றத்தன்று காலையில் போய் நின்றால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். பூசைக்கு இடையில் ஒலிபெருக்கிக்காரர் போடும் பக்திப் பாடல் இசைத்தட்டுகளும் உரிமைச் சிக்கலைக் கொண்டுவரும் என்பதால், அந்நேரங்களில் ஒலியைக் குறைக்கும்படி ஒளிபரப்பைக் கவனிக்கும் பையன்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

வாடகைக் குழுவையே தொடர்ந்து அமர்த்தலாம் என்று சபையில் சிலர் சொல்கிறார்கள். ஆனால் பத்து நாள் வாடகையைக் கூட்டினால் சுவிச்சரும் மிக்சர் இணைப்பும் யு.பி.எஸ்.ஸும் வாங்கி மிச்சமும் காணலாம். அப்படிச் சொந்தமாக்கினாலும் பத்து நாளும் கால்கடுக்க நிற்க ஆள் வேண்டும் என்பதை அவர்கள் சுட்டிக்காட்டுவது நியாயமே. ஆகையால் அனுப்பும் காசில் ஒரு பங்கை, அந்த இரண்டு பையன்களின் பயிற்சிக்கும் சாப்பாட்டுக்கும் ஒதுக்க விரும்புகிறேன். கமராவுக்கு, செயலாளரின் மகனிடமுள்ள பழைய ஹான்டிகாம் என்ற கைவீடியோக் கமராவே இந்த முறைக்குப் போதும். நீண்ட சூம் இருப்பதால் ஒரே மூலையில் நின்று சுவாமியின் முகம் வரை காட்டும். சில புகைப்படக் கமராக்களைப்போல வெயிலில் சூடேறி நின்றுவிடுவதுமில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை மாலைப் பூசையை இந்த ஒரு கமராவிலும் மிக்சர் வயரிலும் சோதனையாக அனுப்பப் போகிறோம். இங்கே ஆறு மணி என்றால் உமக்கு அப்போது காலை எட்டரை. பஞ்சபுராணம் தெளிவாகக் கேட்கிறதா, வாயசைவுக்கும் குரலுக்கும் இடையே பிந்தல் ஏதும் தெரிகிறதா என்று பார்த்து எழுதும். உமது பதில் கண்ட பிறகே சுவிச்சருக்கு ஓடர் கொடுப்பேன்.

இப்படிக்கு,
உமது பழைய வகுப்புத் தோழன்