மடைப்பள்ளித் திருப்பணி நிறைவு: அங்கத்தவர்களுக்கு ஓர் அறிக்கை

அன்புள்ள அங்கத்தவர்களுக்கு,

நமது ஆலய மடைப்பள்ளியின் திருப்பணி நிறைவெய்திவிட்டது. கடந்த வெள்ளிக்கிழமை காலையில் பால் காய்ச்சி, முதல் நைவேத்தியமாகச் சர்க்கரைப் பொங்கல் படைத்து, மதியமே அன்னதானமும் நடந்தது. வரவு செலவு விபரம் கணக்காய்வாளரின் கையொப்பத்துடன் அலுவலக வாசல் பலகையில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால் பொருளாளரிடம் கேளுங்கள். அந்தத் தாளில் அடங்காதவற்றை இங்கே எழுதுகிறோம்.

வேலை ஏன் தேவைப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். கொழும்பு வெள்ளவத்தைக் கடற்காற்று இரும்பைச் சும்மா விடாது. கூரைத்தட்டின் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதி, சீமெந்து செதில் செதிலாகக் கொட்டத் தொடங்கியிருந்தது. ஒருநாள் ரசப் பானைக்குள்ளேயே விழுந்தது. தட்டை உடைத்துப் புதிதாகப் போட்டோம். அடுப்புகள் முன்போலத் தென்கிழக்கில், அக்கினி மூலையிலேயே இருக்கின்றன. பாதி கேஸ், பாதி விறகு. இந்தக் காலத்தில் விறகடுப்பா என்று கேட்ட இளையவர்களுக்கு 2022ஐ நினைவூட்டினோம். கேஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற அந்த மாதங்களில் வெள்ளிக்கிழமைச் சோறு நிற்காததற்குக் காரணம், மரக்காலை (மரக்கடை) நடத்தும் ஒரு முஸ்லிம் அன்பர் துண்டு விறகுகளைக் காசு வாங்காமல் ஏற்றி அனுப்பியதுதான்.

எதிர்பாராத செலவு கழிவுநீர்க் குழாயால் வந்தது. நிலத்தைத் தோண்டியபோதுதான் தெரிந்தது, பழைய குழாய் நடுவில் உடைந்து, நமது எண்ணெய்ப் பிசுக்கும் கஞ்சியும் பின்வீட்டுக் கானுக்குள் (வடிகாலுக்குள்) போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த வீட்டுச் சிங்கள அம்மா வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை ஆள் பிடித்துக் கானைத் துப்புரவாக்குவார். தன் குசினி அடைப்பு என்றே நினைத்திருந்தாராம். போய் உண்மையைச் சொன்னோம். முகம் கறுத்தது, நியாயம்தான். இத்தனை வருட அன்னதானத்துக்கு அவரும் ஓர் உபயகாரராக இருந்திருக்கிறார், அவருக்கும் தெரியாமல், நமக்கும் தெரியாமல். அவரது கானையும் நமது செலவில் கட்டிக்கொடுத்தோம். கணக்கில் ‘பின்வீட்டுக் கான்’ என்று இருப்பது இதுதான். இதெல்லாம் திருப்பணியில் சேருமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். சேரும் என்பதே சபையின் முடிவு.

அப்புறம் பெயர்க்கல் விவகாரம். உபயகாரர் பெயர்களைப் பொறிக்க ஒரு கருங்கல் பலகை வாங்கி வைத்திருந்தோம். எவ்வளவுக்கு மேல் தந்தவர்களைப் போடுவது, யாரை முதலில் போடுவது என்று இரண்டு கூட்டங்கள் போயின. மூன்றாவது கூட்டத்துக்கு முன்தினம், குழாய் பூட்டிய மேசன் பாஸ் முதல் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்துவிட்டு, “இது எங்க ஊருத் தண்ணிங்க ஐயா” என்றார். அவர் மஸ்கெலியாக்காரர். விளையாட்டாகச் சொன்னாலும் அது சரிதான். மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை. அதன் நீர்தான் அம்பத்தளையில் சுத்திகரிக்கப்பட்டுக் கொழும்புக் குழாய்களுக்கு வருகிறது. நாம் அபிஷேகம் செய்வதும் உலை வைப்பதும் மலையகத்து மழையில்.

மறுநாள் கூட்டத்தில் பட்டியலை எடுத்தபோது எவருக்கும் எழுத ஓடவில்லை. பாஸை எழுதினால் அவருக்குக் கையாளாக நின்ற பையன்? விறகுக்காரரை எழுதினால் அதை ஏற்றிவந்த லொறிச் சாரதி? ஐந்து மணிக்கே வந்து தேங்காய் துருவும் அம்மாமார்? பின்வீட்டு அம்மாவை எப்படித்தான் எழுதுவது? கடைசியில் பெயர்க்கல் வைப்பதில்லை என்று தீர்மானித்தோம். பெருந்தொகை தந்த இருவருக்கு இதில் மனவருத்தம் உண்டு. நேரில் போய்ப் பேசினோம். ஒருவர் சிரித்தார், மற்றவர் இன்னும் சிரிக்கவில்லை. அவரது மனவருத்தத்தையும் நாங்கள் குறைவாக எடைபோடவில்லை. அவர் தந்த பணத்தில்தான் கூரைத்தட்டு நிற்கிறது.

அந்தக் கல் இப்போது மடைப்பள்ளிப் பின்வாசலில், காகத்துக்குச் சோறு வைக்கும் இடத்தில் கிடக்கிறது. மினுக்கிய கல் என்பதால் மழை நாளில் காகம் சறுக்குகிறது. மேற்பரப்பைக் கொத்திச் சொரசொரப்பாக்கித் தருவதாக பாஸ் சொல்லியிருக்கிறார். அவரது கூலி அடுத்த மாதக் கணக்கில் வரும்.

பரிபாலன சபையினர்