பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏப்ரல் 2, உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாளை ஒட்டி நீங்கள் வெளியிட்ட சிறப்புக் கட்டுரையைப் படித்தேன். ஒரு மருத்துவர், ஒரு சிறப்பாசிரியை, மூன்று அம்மாக்கள் பேசியிருக்கிறார்கள். அக்கறையோடு எழுதிய கட்டுரைதான். ஆனால் ஆட்டிசம் உள்ள ஒருவர்கூட அதில் வாய் திறக்கவில்லை. படத்திலும் ஐந்தாறு வயதுக் குழந்தை. அந்தக் குழந்தைகள் வளர்ந்து, சீசன் டிக்கெட் எடுத்து வேலைக்குப் போகிறார்கள் என்பது யாருக்கும் தோன்றவே இல்லையா?

என் தம்பி அப்படிப் போகிறவன். வயது 27. மும்பையில் செம்பூரிலிருந்து சிஎஸ்எம்டி முனையம் வரை ஹார்பர் லைன் லோக்கல் ரயிலில் தனியாகத்தான் போய்வருகிறான். பேச்சு குறைவு, வேண்டியதை போனில் டைப் செய்து காட்டுவான். ஞாயிற்றுக்கிழமை மெகா பிளாக் (தண்டவாளப் பராமரிப்புக்காக ரயில்களை நிறுத்துவது) என்றால் சனிக்கிழமையே பார்த்து வைத்துக்கொள்வான். தெரியாமல் ஸ்டேஷனுக்குப் போய் முழிப்பது வீட்டில் மற்றவர்கள்தான். ஆனால் மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் உட்கார்ந்தால், "நல்லாத்தானே இருக்கே, எழுந்திரு" என்பார்கள். நான் கூடப் போனால் அவனை விட்டுவிட்டு, "இவருக்கு என்ன பிரச்சினை?" என்று என்னிடம் விசாரணை நடக்கும். ரயில்வே மட்டும் என்னவாம்? மனவளர்ச்சி குன்றியவர்களுக்கான கட்டணச் சலுகையே, துணையில்லாமல் பயணம் செய்ய முடியாதவர் என்று சான்று இருந்தால்தான். தனியாகப் போகக் கற்றுக்கொண்டால் அதற்குப் பரிசு முழுக் கட்டணம்!

சம்பளக் கணக்கு தொடங்க ஒரு வங்கிக்குப் போனோம். படிவத்தை நிரப்பி நீட்டியவன் தம்பி. அதிகாரி அதை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்து, "கார்டியன் சர்டிபிகேட் எங்கே?" என்றார். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, தேவைப்படுகிறவர்களுக்கு உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கலாம். அதற்காக ஆட்டிசம் உள்ள எல்லோரும் அந்தச் சான்றிதழோடுதான் வர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, சொத்து வைத்திருக்கவும் தன் பணத்தைத் தானே நிர்வகிக்கவும் மற்றவர்களைப் போலவே இவர்களுக்கும் உரிமை உண்டு என்கிறது. பாதுகாவலர் தேவைப்பட்டால்கூட, அந்த மாற்றுத்திறனாளியைக் கலந்து பேசி, அவர் விருப்பப்படிதான் முடிவெடுக்க வேண்டும் என்கிறது 14-ஆம் பிரிவு. தம்பி 13-ஆம் பிரிவை போனில் எடுத்து அதிகாரி முன் வைத்தான். அவர் உள்ளே போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். கணக்கு கிடைத்தது. ஆனால் ஏடிஎம் கார்டு வந்தபோது, அதை என் கையில்தான் கொடுக்கப் பார்த்தார்கள்.

"எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள்?" என்று உங்கள் கட்டுரையில் ஒரு அம்மா கேட்டிருந்தார். அந்தப் பயத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். எங்கள் அம்மாவுக்கும் அது உண்டு. மூன்று வேளையும் உதவி தேவைப்படுகிற பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள். என் தம்பியை வைத்து அவர்களை அளப்பது அநியாயம். ஆனால், குளிப்பாட்டிவிட ஆள் வேண்டும் என்பதற்காக, எந்தச் சட்டை வேண்டும் என்று கேட்காமலே மாட்டிவிடுவதா? இரண்டு சட்டைகளைக் காட்டினால் ஒன்றைத் தொடுவார்கள், இல்லையென்றால் தள்ளிவிடுவார்கள். அதுவும் பதில்தான். இங்கே மும்பை மாட்டுங்கா கல்யாண வீடுகளில், இருபது வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, அவன் பாத்ரூம் பழக்கம் வரை உறவுக்காரர்களிடம் சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச வராதவனுக்குக் காது கேட்கும் என்பதுகூடவா மறந்துபோகும்?

அடுத்த ஏப்ரலில் ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் நாலு பேரையாவது பேட்டி எடுங்கள். போனில் கூப்பிடாமல், கேள்விகளை முன்கூட்டியே எழுதி அனுப்புங்கள். பதில் வர இரண்டு மூன்று நாள் ஆகலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். என் தம்பி தயாராக இருக்கிறான். போட்டோ மட்டும் வேண்டாமாம். இந்தக் கடிதத்தையும் அவன் படித்துவிட்டான். அவன் எடுக்கச் சொன்ன ஒரு வரியை எடுத்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செம்பூர், மும்பை.