பேய்க்கு மார்க் போடும் அண்ணாச்சிமாருக்கு ஒரு திறந்த மடல்

நம்ம நூலக வாசகர் வட்டத்தின் திரைப்படக் குழு அண்ணாச்சிமாருக்கு, கன்னியாகுமரி மாவட்டத்துத் தக்கலையிலிருந்து வணக்கம்.

பிடித்த பேய்ப் படம் பத்து, பிடித்த இசை ஆல்பம் பத்து, இரண்டையும் வரிசைப்படுத்தி மாசக் கடைசிக்குள் தரணும் என்று படிவம் கொடுத்தீர்கள். மூன்று ராத்திரி அதோடு மல்லுக்கட்டிவிட்டேன். பட்டியல் போடுவது எனக்குக் கசக்கிற வேலையில்லை. படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறீர்களே நிபந்தனைகள், அவைதான் தொண்டையில் நிற்கின்றன.

‘தமிழ்ப் படங்கள் மட்டும்’ என்கிறீர்கள். 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் கிடந்த ஊர் அண்ணாச்சி இது. மணிச்சித்திரத்தாழ் (1993) படத்தில் ஒரு பங்கை எடுத்தது நம்ம பத்மநாபபுரம் அரண்மனையில். நிலம் தமிழ்நாடு, பராமரிப்பு கேரள அரசு, படம் மலையாளம். அதன் வழியில் 2005-இல் வந்த சந்திரமுகியை நீங்கள் சேர்த்துக்கொள்வீர்கள், நம்ம ஊரிலேயே எடுத்த படத்தை வாசலில் நிறுத்துவீர்கள். நம்ம பக்கத்துக் கதைகளில் வரும் யட்சி, அதாவது பெண்பேய், கள்ளியங்காட்டு நீலியும் அப்படித்தான். பார்வதிபுரத்துப் பக்கம் பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் கள்ளியங்காடு தெரியும். அந்த நீலியை 2025-இல் ‘லோகா’ படம் சூப்பர் ஹீரோவாக்கியது, அதுவும் மலையாளத்தில். வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்ட யட்சி எந்த மொழியில் கேட்டாள் என்று யாராவது விசாரித்தார்களா?

சொல்லப்போனால் நான் முதல் முதலில் பயந்தது சினிமாவைப் பார்த்தே இல்லை. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டில் நீலி கதை படித்தார்கள். குடம் அடிக்கிறவர் திடீரென்று கையை எடுத்துவிட்டார். அந்த ஒரு நொடி அமைதியில் அம்மையின் சேலையைப் பிடித்தவள், விடியும் வரை விடவில்லை. அதை எழுத உங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது.

அடுத்தது மார்க். முதலிடத்துக்கு 10, பத்தாமிடத்துக்கு 1 என்று கூட்டப் போகிறீர்களாம். 18-ஆம் நூற்றாண்டில் போர்டா என்ற பிரெஞ்சுக்காரர் தேர்தலுக்குச் சொன்ன கணக்கு இது. இங்கே போட்டுப் பாருங்கள். இரண்டு பேர் உயிரைக் கொடுத்து முதலிடம் தந்த படத்துக்கு 20 மார்க். ஏழு பேர் ‘சரி, இதுவும் கிடக்கட்டும்’ என்று எட்டாமிடத்தில் எழுதிய படத்துக்கு 21. ஒருத்தரையும் தூங்கவிடாமல் பண்ணாத பேய் ஜெயித்துவிடும்! லண்டனிலிருந்து வரும் சைட் அண்ட் சவுண்ட் இதழ் 1952 முதல் பத்து வருஷத்துக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் பத்துப் படம் கேட்கிறது. வரிசை கேட்பதில்லை, ஒரு படத்துக்கு ஒரு ஓட்டு, அவ்வளவுதான். முடிவு வந்ததும் எல்லோரும் முதலிடத்தை வைத்துச் சண்டை போடுவார்கள். எனக்கு ருசி, யார் யார் என்ன எழுதினார்கள் என்று அவர்கள் தனித்தனியாக வெளியிடும் பட்டியலில்தான்.

என் பட்டியலில் ‘13-ஆம் நம்பர் வீடு’ (1990) இரண்டாமிடம். ‘யாவரும் நலம்’ (2009) ஆறாமிடம். எது நல்ல படம் என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் பின்னதுதான். வீட்டில் ஓடுகிற சீரியலே அந்தக் குடும்பத்தின் கதையாக மாறுகிற யோசனைக்கே கும்பிடு போடலாம். (அதற்கப்புறம் என் மாமியார் சீரியல் வைத்தாலே நான் அடுக்களைக்குப் போய்விடுவேன். வேறு காரணங்களும் உண்டு.) ஆனால் முன்னதை நான் பார்த்தது மாமா வீட்டில், வீடியோ டெக்கு வாடகைக்கு எடுத்து, மூன்றாவது கேசட்டாக, ராத்திரி இரண்டு மணிக்கு. பாதியில் கரண்ட் போனது. கக்கூஸ் வெளியே, யட்சி குடியிருக்கும் என்று சொல்கிற பாலமரத்தைத் தாண்டி. அக்காவைத் துணைக்கு எழுப்பினேன். அவள் வரமாட்டேன் என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். விடியும் வரை அடக்கிக்கொண்டு கிடந்ததற்கு ஒரு மார்க் உண்டா, இல்லையா?

ஆல்பத்துக்கு வருகிறேன். ‘திரைப்பாடல் தொகுப்புகள் ஏற்கப்படமாட்டா’ என்று எழுதியது யார் என்று எனக்குத் தெரியும், பெயர் சொல்லவில்லை. நாம் ஆல்பம் என்று கையில் பிடித்ததே சினிமாப் பாட்டுக் கேசட்டைத்தான். அதைத் தள்ளிவிட்டால் பாதிப் பேர் கேட்டே இராத இங்கிலீஷ் பேர்களை எழுதித் தருவார்கள். விதிக்கு அடங்கிய ஒன்று என்னிடம் உண்டு: இளையராஜாவின் ‘ஹௌ டு நேம் இட்’, 1986. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கையாக்கிய இசை. மனசாரக் கொடுப்பேன், ஆனால் இரண்டாமிடம்தான்.

முதலிடம், கடையில் விற்காத ஒரு 60 நிமிஷக் கேசட். அண்ணன் துண்டுச்சீட்டில் பாட்டுகளை எழுதி, மார்த்தாண்டத்தில் ஒரு ரெக்கார்டிங் கடையில் கொடுத்துப் பதிந்து வாங்கியது. ஏ பக்கத்தின் கடைசிப் பாட்டு இரண்டாவது சரணத்தில், ஒரு சொல்லின் நடுவில் ‘டக்’ என்று நின்றுவிடும். நாடா அவ்வளவுதான். இப்போது போனில் அதே பாட்டு முழுசாக ஓடினாலும் அந்த இடத்தில் என் காது நின்றுவிடுகிறது, மிச்சச் சரணம் வேறு யாருக்கோ பாடியது மாதிரி.

ஆகவே அண்ணாச்சிமாரே, கூட்டிப் பார்க்க வேண்டாம். வருகிற பட்டியல்களை வந்தபடியே, மலையாளத்தோடும் சினிமாப் பாட்டோடும், நூலகச் சுவரில் ஒட்டுங்கள். ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் எங்கே, யாரோடு பார்த்தது அல்லது கேட்டது என்று ஒரு வரி எழுத இடம் விடுங்கள்.

கேசட்டை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன். டேப் ரெக்கார்டரை உங்களில் யாராவது கொண்டுவரணும். என்னுடையது பெல்ட் அறுந்து பரணில் கிடக்கிறது.