பரீட்சகரின் கை எங்கே பழகியது?

ஆசிரியருக்கு,

வணக்கம். கழுத்துவலி பற்றி உங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கழுத்தில் கைவைக்க விடுமுன், இயன்மருத்துவரின் (பிசியோதெரபிஸ்ட்) பெயருக்குப் பின்னால் மேற்படிப்புக்கான எழுத்துகள் இருக்கின்றனவா என்று பார்க்கும்படி எழுதியிருந்தீர்கள். நல்ல அறிவுரை. ஆனால் அந்த எழுத்துகளைக் கொடுத்தவர்கள் யார் என்பதையும் கேட்கச் சொல்லியிருக்க வேண்டும்.

இயன்மருத்துவனான என்னிடம் அதை முதலில் கேட்டவர் ஸ்காபரோவில் இருக்கும் எழுபது வயது கடந்த ஓர் அம்மா. என் சிகிச்சை அறைச் சுவரில் மாட்டியிருந்த சான்றிதழுக்கு அருகே போய், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒவ்வோர் எழுத்தாகப் படித்தார். பிறகு திரும்பி, "தம்பி, உங்களைச் சோதித்தவருக்கு இந்த வேலை தெரியுமா?" என்றார். இன்னும் இரண்டு நிமிடத்தில் என் கட்டிலில் குப்புறப் படுக்கப் போகிறவர் அவர். கேட்க அவருக்கு முழு உரிமை உண்டு.

கனடாவில் எலும்பு, மூட்டு சார்ந்த கைமுறைச் சிகிச்சையில், அதாவது மூட்டுகளைக் கையால் அசைத்தும் இழுத்தும் செய்யும் சிகிச்சையில், தேர்ச்சி பெற ஐந்து நிலைகள் படித்து, இடைநிலை, உயர்நிலை என இரண்டு பரீட்சைகளைக் கடக்க வேண்டும். ஒன்ராறியோவின் லண்டன் நகரிலுள்ள வெஸ்டர்ன் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதுநிலைப் பட்டமாகவும் இதைப் படிக்கலாம். அனுபவசாலி ஒருவரின் மேற்பார்வையில் குறைந்தது 150 மணி நேரம் நோயாளிகளைப் பார்த்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அந்த விதியை வகுத்த, இச்சிகிச்சை செய்யும் இயன்மருத்துவர்களின் சர்வதேச அமைப்பான ஐஎஃப்ஓஎம்பிடி கூட்டமைப்பு 1974-இல் மொன்றியாலில்தான் தொடங்கப்பட்டது.

எழுத்துப் பரீட்சையில் யார் திருத்தினாலும் பெரும்பாலும் புள்ளிகள் ஒன்றாகவே வரும். செய்முறைப் பரீட்சை அப்படியல்ல. ஒரு சிறிய உதாரணம் சொல்கிறேன். மூட்டை எவ்வளவு, எப்படி அசைப்பது என்பதைத் தரங்களாகப் பிரித்துச் சொல்வோம். ஆஸ்திரேலியாவின் ஜெஃப்ரி மைட்லண்ட் வகுத்த முறையில், மூன்றாம் தரம் என்றால் மூட்டை அசைவின் எல்லைவரை கொண்டுசென்று பெரிய வீச்சில் அசைப்பது. நோர்வேயின் ஃப்ரெடி கால்டன்போர்ன் முறையில் அதே மூன்றாம் தரம் என்றால் தளர்வெல்லாம் நீங்கிய பிறகு மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களை இழுத்து நீட்டுவது. ஒன்று தாளம்போல வந்து போகும் அசைவு, மற்றது பிடித்து நிறுத்தும் இழுவை. "மூன்றாம் தரத்தில் செய்து காட்டுங்கள்" என்று கேட்கும் பரீட்சகர் எந்த வழியில் பழகியவரோ, அந்த வழியில்தான் அவருடைய கண் மாணவரின் கையைப் பார்க்கும். இரண்டையும் அறிந்தவர் என்றால், எந்த முறையில் செய்யப் போகிறீர்கள் என்று முதலில் கேட்டுக்கொள்வார். அறியாதவர் என்றால் சரியாகச் செய்தவரும் தோற்றுப்போகலாம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. முள்ளந்தண்டின் ஒரு மூட்டு இறுகியிருக்கிறதா, இளகியிருக்கிறதா என்பதை விரலால் தொட்டுச் சொல்வதில், தேர்ந்த கைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து வருவது அரிது. ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஆகவே பரீட்சகர்கள் முன்கூட்டியே ஒன்றாக உட்கார்ந்து, ஒரே மாணவருக்குத் தனித்தனியாகப் புள்ளி போட்டு, ஒப்பிட்டுப் பார்த்துப் பழக வேண்டும். "இருபது வருட அனுபவம்" என்ற ஒற்றை வரி அதற்கு ஈடாகாது.

என் செய்முறைப் பரீட்சையை நினைத்துப் பார்க்கிறேன். கழுத்தில் கைவைக்குமுன் இந்த நோயாளியிடம் என்ன கேட்டிருப்பீர்கள் என்றார் பரீட்சகர். தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, விழுங்கச் சிரமம், பேச்சுக் குழறல், இரத்த அழுத்தம் என்று ஒப்பித்தேன். "சரி. சில நேரம் தலை சுற்றும், ஆனால் அது வெகுகாலமாகவே இருக்கிறது என்று சொன்னால்? நேற்று மாலை என் நோயாளி ஒருவர் அப்படித்தான் சொன்னார்" என்றார். பாடப்புத்தகத்தில் இல்லாத கேள்வி. இரத்த அழுத்தத்தையும் மூளை நரம்புகளையும் சோதிப்பேன், இன்று கழுத்தை விசையோடு திருப்பமாட்டேன், குடும்ப மருத்துவரோடு பேசுவேன் என்றேன். தலையசைத்தார். முதல் நாள் மாலைவரை நோயாளிகளைத் தொட்டுக்கொண்டிருந்த ஒருவரால்தான் அப்படிக் கேட்க முடியும்.

அதற்காக, சிகிச்சை அறையைவிட்டு வெளியே வராதவர்கள் மட்டும் போதும் என்று சொல்லமாட்டேன். கழுத்தைத் திருப்பிப் பின்னே சாய்த்து, மூளைக்குப் போகும் இரத்த ஓட்டத்தைப் பார்க்கும் பழைய சோதனையை ஒரு காலத்தில் எல்லோரும் செய்தோம். அதை நம்பி ஆபத்தில்லை என்று முடிவு கட்ட முடியாது என்பது இன்று தெளிவாகிவிட்டது. ஐஎஃப்ஓஎம்பிடி கூட்டமைப்பு 2012-இல் வெளியிட்டு 2020-இல் திருத்திய கழுத்துப் பரிசோதனை வழிகாட்டி, நோயாளியின் முழு வரலாற்றையும் இரத்த அழுத்தத்தையும் கொண்டு எடைபோடச் சொல்கிறது. ஆய்வுகளைப் படிக்கும் பழக்கமில்லாத பரீட்சகர் இன்னமும் அந்தப் பழைய சோதனைக்கே புள்ளி கொடுத்துக்கொண்டிருப்பார். ஆகவே பரீட்சகர் குழுவில் ஆய்வாளரும் வேண்டும், ஆசிரியரும் வேண்டும். நம் ஊர்களிலும் இந்தியாவிலும் படித்துவிட்டு இங்கே மறுபடியும் தகுதியை நிரூபித்துத் தொழில் செய்கிறவர்களும் வேண்டும். வலியைச் சொல்ல வெட்கப்பட்டு, "பரவாயில்லை" என்று சிரித்துவிடும் நோயாளிகளை அவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சிகிச்சையை வளர்த்தவர்களே ஒரே அச்சில் வார்க்கப்பட்டவர்கள் அல்லர். கால்டன்போர்ன் உடற்பயிற்சி ஆசிரியராகத் தொடங்கியவர். இங்கிலாந்தின் லண்டனிலுள்ள செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இயன்மருத்துவர்களுக்குக் கற்பித்த ஜேம்ஸ் சிரியாக்ஸ் ஒரு மருத்துவர்.

ஒன்ராறியோவில் முள்ளந்தண்டு மூட்டை அதன் இயல்பான எல்லைக்கு அப்பால் விசையோடு தள்ளுவது, 1991-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லோரும் செய்யக்கூடிய செயல் அல்ல. இயன்மருத்துவரும் அதற்கெனத் தம் தொழிலை ஒழுங்குபடுத்தும் அமைப்பில் (அதைக் 'கல்லூரி' என்பார்கள்) பதிந்திருக்க வேண்டும். செய்பவருக்குச் சட்டம் இவ்வளவு கேட்கும்போது, அவரைச் சோதிப்பவரைப் பற்றியும் நமக்குத் தெரிய வேண்டும். எங்கே படித்தார், எந்த முறையில் பழகினார், வாரத்தில் எத்தனை நாள் நோயாளிகளைப் பார்க்கிறார், பரீட்சை எடுப்பதற்கென்று என்ன பயிற்சி பெற்றார் என்பதை, எந்த நாட்டுப் பரீட்சை அமைப்பானாலும் பொதுமக்கள் படிக்கும்படி வெளியிட வேண்டும்.

உங்கள் கட்டுரையாளர் அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, அந்த அம்மாவின் கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்மருத்துவர்,
ஸ்காபரோ, ரொறன்ரோ