பழைய ஸ்டேஷன் வேகனைப் பின்பக்கத்திலிருந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்களை வாங்குவது, பராமரிப்பது பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவரும் குறிப்புகளை விடாமல் படிப்பவன் நான். எஞ்சின் ஆயில், கிளட்ச், பேட்டரி, டைமிங் பெல்ட் என்று அவற்றில் சொல்லப்படும் எதிலும் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அவை அனைத்தும் டிக்கி தனியாக உள்ள செடான் காரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. கூரை பின்முனைவரை நீண்டு, சாமான் ஏற்றப் பின்கதவு கொண்ட ஸ்டேஷன் வேகன் வகைக் கார், அதுவும் இருபது வயதைத் தாண்டியது ஒன்றைப் பதினோரு ஆண்டுகளாக ஓட்டி வருபவன் என்ற முறையில், அத்தகைய வண்டியின் ஆயுளை முடிவு செய்வது பானட்டுக்கு அடியில் இருப்பது அல்ல, பின் இருக்கைக்குப் பின்னால் இருப்பதுதான் என்பதைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் பெரும்பாலும் அதே மாடல் செடானுக்கும் பொதுவானவை என்பதால், வண்டி எவ்வளவு பழையதானாலும் தேடினால் கிடைத்துவிடுகின்றன. 1974 முதல் 1993 வரை தயாரிக்கப்பட்ட வோல்வோ 240 வரிசையை எடுத்துக்கொண்டால், முன்பாதியில் செடானுக்கும் வேகனுக்கும் வேறுபாடு காண்பது கடினம். கூரை பின்னோக்கி நீளத் தொடங்கும் இடத்தில்தான் வேகன் தனி வண்டியாகிறது. பின்கதவு, அதன் கண்ணாடி, பக்கவாட்டுக் கண்ணாடிகள், பின்விளக்குகள், தண்ணீர் புகாமல் கதவோரத்தில் பொருத்தும் ரப்பர் பீடிங் ஆகியவை எல்லாம் அங்கே வேறு. செடானைவிடக் குறைவாக விற்ற வண்டியென்றால், கடைகளிலிருந்து முதலில் மறைபவையும் இவைதாம்.

பின்கதவிலிருந்தே தொடங்குகிறேன். என் வண்டியின் பின் வைப்பர் ஒருநாள் நின்றுவிட்டது. மோட்டார் போய்விட்டதென்று மெக்கானிக் சொன்னதை நம்பி மோட்டாரை மாற்றினேன், வைப்பர் அசையவில்லை. சில வாரங்கள் கழித்து இருட்டில் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, பாதி உயரத்தில் எண் பலகை விளக்கு பளிச்சென்று எரிந்து, மேலே தூக்கியதும் அணைந்தது. கீலுக்கு அருகில் கூரையிலிருந்து கதவுக்குள் போகும் ரப்பர் குழாயைப் பிதுக்கி எடுத்துப் பார்த்தால், உள்ளே இரண்டு வயர்கள் அறுந்தும், மூன்றாவது ஒற்றை இழையில் தொங்கிக்கொண்டும் இருந்தன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அந்த இடத்தில் வயர் வளைகிறது. பல ஆண்டுகளில் உறை இறுகி, செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. அறுந்த இடத்திலேயே முறுக்கி டேப் சுற்றுவதில் பயனில்லை, அடுத்த சில மாதங்களில் மறுபடி அறும். நெகிழும் சிலிக்கோன் உறை வயரை நீளமாகச் சேர்த்து, இணைப்புகள் வளைவுக்கு வெளியே, ஒன்றன்மேல் ஒன்று அமையாதவாறு தள்ளித்தள்ளி வருமாறு செய்ய வேண்டும். நல்ல மோட்டாரைக் கழற்றி எறிந்ததை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல்தான்.

கதவைத் தாங்கும் கேஸ் ஸ்ட்ரட் வேறு கதை. அதனுள் அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கும் நைட்ரஜன் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிகிறது. குளிரில் அழுத்தம் மேலும் குறைவதால் முதலில் குளிர்ந்த காலை நேரத்தில்தான் கதவு தலையில் இறங்கும். கழியை முட்டுக்கொடுத்து ஓட்டுபவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒரு காலத்தில் நானும் அவர்களில் ஒருவன். இரு பக்க ஸ்ட்ரட்டுகளையும் ஒருசேர மாற்றுவது அரை மணி நேர வேலைதான்.

தண்ணீர்தான் வேகனின் உண்மையான எதிரி. பின்விளக்கின் கேஸ்கெட், கூரைக் கம்பிகளின் போல்ட் துளைகள், கதவின் பீடிங் ஆகிய மூன்று வழிகளில் எதில் நுழைந்தாலும் தண்ணீர் கடைசியில் ஸ்டெப்னி வைக்கும் குழியில்தான் தேங்கும். மேலே விரிப்பு காய்ந்தே இருப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. கீழே தகடு துருப்பிடித்துச் சல்லடையாகும்வரை தெரியாது. ஒருவர் டார்ச்சுடன் உள்ளே படுத்துக்கொள்ள, மற்றொருவர் வெளியிலிருந்து ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாக மெதுவாக நனைத்துக்கொண்டே வந்தால் கசிவு எந்த உயரத்தில் தொடங்குகிறது என்பது தெரிந்துவிடும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரேயடியாக நனைந்து ஒன்றும் புரியாது. ஸ்டெப்னியை வெளியே எடுக்கும்போது அதன் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பார்த்துவிடுங்கள். 2309 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள். தேய்மானமே இல்லாமல் வெடிப்பு விட்டிருக்கும் ஸ்டெப்னி பழைய வேகன்களில் சாதாரணம்.

ரயில் நிலையத்திலிருந்து பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிச் செல்லும் வேலையால்தான் இந்த வண்டிக்கு அப்பெயரே வந்தது. சுமை அதன் பிறவிக் குணம் என்பதைப் பழைய வடிவமைப்பாளர்கள் மறக்கவில்லை. பெஜோ 504 வேகனின் பின் அச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சுருள் ஸ்பிரிங்குகள் இருந்தன. 1978இல் உற்பத்திக்கு வந்த மெர்சிடிஸ் டபிள்யூ 123 வேகனில் சுமைக்கேற்பப் பின்பக்கத்தைத் தானாகவே சமன்படுத்தும் ஹைட்ராலிக் அமைப்பு இருந்தது. ஆனால் எந்த ஸ்பிரிங்கும் காலத்துக்கும் நிற்காது. வண்டியைச் சமதளத்தில் காலியாக நிறுத்தி, சக்கர மையத்திலிருந்து மட்கார்டின் வளைவு விளிம்புவரை இரு பக்கமும் அளந்து, கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டால் தளர்வு தெரியும். பின்பக்கம் தாழ்ந்தால் ஹெட்லைட் மேல்நோக்கி எதிரே வருபவரின் கண்ணைக் கூச வைக்கும், ஸ்டியரிங்கும் லேசாகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது, ஏனெனில் இதை மெக்கானிக்குகளே பல சமயம் கவனிப்பதில்லை. பல வேகன்களில் பின் அச்சோடு ஒரு கம்பியால் இணைக்கப்பட்ட வால்வு ஒன்று உண்டு. வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைக் கொண்டு சுமையை உணர்ந்து, பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் அழுத்தத்தை அது கூட்டிக் குறைக்கிறது. சுமை ஏற்ற வசதியாக இருக்கட்டுமென்று உயரமான, கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் வண்டி தாழாது. நிறைய ஏற்றியிருந்தாலும் வண்டி காலியாக இருப்பதாகவே வால்வு எண்ணிக்கொள்ளும், பின் பிரேக் தன் பங்கைச் செய்யாது. அந்தக் கம்பி துருவேறி இறுகிப்போவதும் உண்டு.

நீளமான சாமானுக்காகப் பின்கதவைத் திறந்துவைத்து ஓட்டுவது மட்டும் கூடவே கூடாது. செங்குத்தான பின்புறத்தின் பின்னால் காற்றழுத்தம் குறைவதால் புகைக்குழாயின் வாயு உள்ளே இழுக்கப்படும். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. பீடிங் கிழிந்த வண்டியில் கதவு மூடியிருந்தாலும் இந்த ஆபத்து ஓரளவு இருக்கிறது.

அந்தப் பீடிங்தான் இப்போது எனக்குள்ள குறை. என் வண்டிக்கு உரியது தயாரிப்பில் இல்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டதால், உடைப்புக்கு வந்த வண்டி ஒன்றிலிருந்து எடுத்ததை மடிப்பு விழாமல் பெரிய வளையமாகச் சுருட்டி, பவுடர் தூவிப் பரணில் வைத்திருக்கிறேன். அது தீர்ந்தால் அடுத்தது இல்லை. இவ்வகை ரப்பரை வார்த்துக் கொடுக்கும் சிறு பட்டறைகள் இருக்கின்றன. அவர்கள் கேட்பது குறுக்குவெட்டு வரைபடம் ஒன்றைத்தான். உற்பத்தியை நிறுத்திய பாகங்களுக்கேனும் அந்த வரைபடங்களைக் கார் நிறுவனங்கள் வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்